ஜெனரேட்டர்காரரின் கிராஃபிக்ஸ் கார்டு

என் வீட்டுக்காரரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால், யோசித்து ஒரு நாள் சொல்வேன். இப்போது முடியாது. மூன்று வருடத்துக் கோபம் அவ்வளவு சீக்கிரம் இறங்குமா? அவர் மேல் பாதி, அவர் பெற்ற பெண் மேல் பாதி என்று பங்கு போட்டு வைத்திருக்கிறேன்.

அவர் ஒரு பெரிய குளிர்க்கிடங்கில் ஜெனரேட்டர் ஆபரேட்டர். ஊரில் கரண்ட் போனால் நாம் மெழுகுவத்தி தேடுவோம். அவர் ஓடிப்போய் ஜெனரேட்டரைத் தட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் கிடங்கிலிருக்கும் அத்தனை காய்கறியும் அழுகிப்போகும். இரும்புக் கதவு போட்ட அறை, காலுக்குக் கீழே தரை நடுங்கிக்கொண்டே இருக்கும், உடம்பெல்லாம் டீசல் வாசனை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த அறைதான். அங்கே எல்லாரும் அவரை ஜெனரேட்டர் என்றே கூப்பிடுகிறார்கள். எங்கள் தெருவிலும் அந்தப் பெயர்தான். எனக்குக் கோபம் வந்தால் நானும் அப்படித்தான் சொல்வேன், அதாவது தினமும்.

அந்த அறை அவர் காதைத் தின்றுவிட்டது. முழுச் செவிடு என்று சொல்ல முடியாது. கனத்த குரலில் பக்கத்தில் நின்று பேசினால் கேட்கும், லாரி போனால் கேட்கும். கீச்சென்று, உஸ்ஸென்று வருகிற சத்தம் எதுவும் ஏறாது. குக்கர் விசில் அடித்து ஓய்ந்து அடிப்பிடித்தாலும் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படிப்பார். கையில் பையோடு நான் வாசலில் நின்று மணியை அழுத்தி அழுத்தி விரலே தேய்ந்திருக்கிறது. காது டாக்டரிடம் போகலாம் வாங்க என்றால், எனக்கு எல்லாம் நல்லாவே கேக்குது, நீதான் முணுமுணுன்னு பேசறே என்பார். நான் முணுமுணுக்கிறேனாம்! நான் பேசினால் எதிர் வரிசை வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள்.

போன் என்றால் சுத்தம். காதில் வைப்பார், ஆ, ஆ என்பார், என்னிடம் நீட்டிவிடுவார்.

எங்களுக்கு ஒரே பெண். அவள் படிக்கிற காலத்தில் வீட்டுக் கம்ப்யூட்டரில் லாரி ஓட்டுகிற விளையாட்டு ஒன்றைப் போட்டு அவருக்குக் கற்றுக்கொடுத்தாள். சரக்கை ஏற்றிக்கொண்டு ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குக் கொண்டுபோய் இறக்க வேண்டும், அவ்வளவுதான். வாழ்க்கையில் சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டாத மனுஷன், பதினெட்டுச் சக்கர லாரியை ஓட்ட ஆரம்பித்தார். ஆளே இல்லாத சாலையில் சிவப்பு விளக்குக்கு நிற்பார். திரும்பும்போது மறக்காமல் இண்டிகேட்டர் போடுவார். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

பெண் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனபோது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லாரியில் பார்த்துக்கொள்ளலாம் அப்பா என்று சொல்லிவிட்டுப் போனாள். சொன்னபடியே வந்தாள். அவள் லாரி முன்னால், இவர் லாரி பின்னால். போனில் கேட்காதவருக்கு ஹெட்போனில் கேட்டது. சத்தத்தை முழுசாகக் கூட்டி வைத்துக்கொண்டால் அவள் குரல் நேரே காதுக்குள் வரும். ஹெட்போனோடு வளைந்து வாய்க்கு முன்னால் நிற்கிற மைக்கில் இவர் பேசுவார். நான் கூடத்தில் படுத்திருப்பேன், உள்ளே இவர் சிரிக்கிற சத்தம் கேட்கும். அவர் அப்படிச் சிரித்து என்னோடு பேசியதில்லை என்று ஒரு எரிச்சல் இருந்தாலும், அது நல்ல காலம்தான்.

அப்புறம் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வந்தது. கம்ப்யூட்டரில் படத்தை ஓட்டுவது அதுதான். இருந்த கார்டு சின்னது, லாரி விட்டுவிட்டு நகர்கிறது என்று கிடங்கில் கூட வேலை செய்பவரிடமிருந்து பழைய கார்டு ஒன்றை வாங்கி மாட்டினார். அதன் மேல் இரண்டு ஃபேன். கம்ப்யூட்டர் தானாகவே சூட்டுக்குத் தகுந்தபடி அதைச் சுற்றவிடும். இவர் விடுவாரா? ஜெனரேட்டர் அறையில் கூலிங் ஃபேன் எப்போதும் முழு வேகத்தில் ஓட வேண்டும், சூடு ஏறினால் மெஷின் செத்தது என்பது அவருடைய சட்டம். அதே சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தார். கம்ப்யூட்டரைத் திறந்ததும் ஃபேன் முழு வேகம். வீட்டுக்குள் மாவு மில் ஓடுகிற மாதிரி உஸ்ஸென்று ஒரு இரைச்சல். கரடியாகக் கத்திப் பார்த்தேன். எந்தச் சத்தம் என்று கேட்டார். வேண்டுமென்றே நடிக்கிறார் என்று நினைத்து அறைக் கதவை அறைந்து சாத்தினேன். அந்தக் கார்டு வந்த வாரத்தோடு வீட்டில் நிம்மதி போனது.

ஏனென்றால் அதே வாரம்தான் எங்கள் பெண் புருஷன் வீட்டை விட்டு வெளியே வந்தாள். காரணத்தை இங்கே எழுத எனக்கு இஷ்டமில்லை. அவன் கை நீளம் என்று மட்டும் சொல்கிறேன். திருட்டுக் கை இல்லை, அடிக்கிற கை. முதலில் என்னிடம் போனில் சொன்னாள். அப்பாவிடம் ஞாயிற்றுக்கிழமை நானே சொல்கிறேன், நீ சொல்லாதே என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இருந்தது. கூரியர் ஆபீஸில் பார்சலை அளந்து எடை போட்டு வாங்குகிறவள் நான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் இவர் ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். மைக்கை மேலே மடக்கி வைத்திருந்தார். அவளிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு. இனிமே அவ இஷ்டம்."

பெண்ணுக்குப் போன் போட்டால், அப்பா மைக்கை மூடிவிட்டார், நான் கேட்டதற்குப் பதிலே சொல்லவில்லை, விடும்மா என்று சொல்லி வைத்துவிட்டாள். நான் என்ன நினைப்பேன்? புருஷனை விட்டு வந்த பெண்ணைப் பார்த்து, திரும்பிப் போ என்று இவர் சொல்லியிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அன்று ராத்திரி அவருக்குச் சாப்பாடு போட என் கை வரவில்லை.

பெண் அந்த ஊரிலேயே ஒற்றை அறை ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு தங்கினாள். காய்ச்சல் வந்தால் வெந்நீர் வைத்துக் கொடுக்க ஆள் கிடையாது. வீட்டுக்கு வாடி என்று எத்தனை தடவை தொண்டைத் தண்ணி வற்றக் கூப்பிட்டிருப்பேன்! ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி. "அப்பா கூப்பிட்டாரா?" நான் இவரிடம் வந்து, ஒரு வார்த்தை கூப்பிடுங்களேன் என்பேன். சொல்லியாச்சு என்பார். ஒரு தடவை நானே, அப்பா கூப்பிடறார்டி என்று புளுகினேன். அவர்கிட்டயே போனைக் கொடு என்றாள். நீட்டினேன். எழுந்து மாடிக்குப் போய்விட்டார். இவர் விடாக்கண்டன், அவள் கொடாக்கண்டன். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறாள். நடுவில் மாட்டிக்கொண்டவள் நான்.

இதில் என் வயிற்றெரிச்சலை அதிகமாகக் கிளப்பியது எது தெரியுமா? இவ்வளவுக்கும் வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை லாரி ஓட்டம் நிற்கவே இல்லை. இரண்டு பேரும் மைக்கை மூடிக்கொண்டு ஓட்டினார்கள். அவள் முன்னால், இவர் பின்னால். இரண்டு தடவை விளக்கை அடித்தால் வந்துவிட்டேன் என்று அர்த்தம். ஒரு நீள ஹாரன் அடித்தால் பார்த்துப் போ என்று அர்த்தம். வாயிருக்கிற இரண்டு ஜீவன்கள் விளக்கைப் போட்டு அணைத்துக் குடும்பம் நடத்தின. அதிலும் இவர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டுதான் லாரியில் ஏறுவார். அவள் உங்களைப் பார்க்கவா போகிறாள் என்று கேட்டால் பட்டனைப் போட்டுக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போடுவார்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோது, அந்த விளையாட்டைப் புதுசாக மாற்றப்போகிறோம் என்று திரையில் ஒரு அறிவிப்பு வந்தது. பழையது அடுத்த மாதத்தோடு நின்றுவிடுமாம். புதியது உங்கள் கார்டில் ஓடாது என்று அதுவே சொன்னது. இவருக்கு முகம் செத்துவிட்டது. எனக்கு முதலில் சந்தோஷம். லாரி நின்றால் வேறு வழியில்லாமல் வாயைத் திறப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். அப்புறம் பெண் போன் செய்தாள். அப்பாவுடைய கார்டு தாங்காது என்று அவளுக்கும் தெரிந்திருந்தது.

"அவருக்குப் புதுசு வாங்கற எண்ணம் இல்லன்னா பரவாயில்லம்மா. நானும் இதோட நிறுத்திக்கறேன். எனக்கும் அலுத்துப்போச்சு."

அலுத்துப்போச்சு என்று அவள் சொன்ன விதத்தில், லாரி நின்றால் நல்லது என்று போட்ட கணக்கை அங்கேயே அழித்தேன். பேசாத அப்பனுக்கும் மகளுக்கும் நடுவில் இருந்தது அந்த ஒரு சாலைதான். அதுவும் மூடிவிட்டால் இவளை நான் எந்த வழியாக வீட்டுக்குக் கொண்டுவருவேன்? போனை வைத்த கையோடு இவரிடம் போய், கிளம்புங்கள், கார்டு வாங்கலாம் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். கத்தாமல் நான் எதையும் சொன்னால் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

புறப்படுவதற்கு முன் ஆபீஸில் பார்சல் அளக்கிற டேப்பை எடுத்து கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளே நீளம் அளந்தேன். கடையில் விற்பனையாளர் எங்களை உட்காரவைத்து, இது உங்க பையனுக்கா ஆன்ட்டி என்று கேட்டார். இவருக்கு என்றேன். உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார். வயசானவர் லாரி ஓட்டினால் உமக்கு என்னய்யா வலிக்கிறது என்று கேட்டேன். அதற்குப் பிறகு மரியாதையாகப் பேசினார். ஆனாலும் செங்கல் கனத்தில் ஒரு கார்டை எடுத்து வைத்தார். மூன்று ஃபேன், உடம்பெல்லாம் கலர் கலராக விளக்கு. எதிரி சுடுவதற்குள் நீங்கள் சுட்டுவிடலாம் என்றார். இவர் யாரையும் சுட மாட்டார், சிவப்பு விளக்கு விழுந்தால் நிற்பார், அதற்குத் தகுந்ததைக் காட்டுங்கள் என்றேன்.

இவர் வாயைத் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான். இது எவ்வளவு கரண்ட் இழுக்கும்? எங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிற பவர் சப்ளை பழையது. அது கொடுக்கக்கூடிய அளவுக்கு மேல் கார்டு இழுத்தால் எல்லாம் படுத்துவிடும். ஜெனரேட்டர்காரருக்கு அது புரியும். ஒவ்வொரு பெட்டியாகத் திருப்பித் திருப்பிப் படித்தார். நான் டேப்பை வைத்து நீளம் பார்த்தேன். அவருக்குப் பிடித்தது என் டேப்புக்கு நீளம் அதிகம், எனக்குப் பிடித்தது அவர் கணக்குக்குப் பவர் அதிகம். ஏட்டிக்குப் போட்டியாக அரைக் கடையை இறக்கிவிட்டு, கடைசியில் நடுத்தரமான கார்டு ஒன்றை எடுத்தோம். இரண்டே ஃபேன், விளக்கு கிடையாது. விற்பனையாளருக்கு அப்பாடா என்று இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து மாட்டினால் உள்ளே போகவில்லை. நான் அளந்தது சுவருக்குச் சுவர். நடுவில் ஹார்ட் டிஸ்க்கை மாட்டுகிற கூண்டு நீட்டிக்கொண்டிருப்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. பார்சல் அளக்கிற அம்மா என்று இவர் சிரித்தார். மூன்று வருடத்தில் என்னைப் பார்த்து முதல் தடவையாகச் சிரிக்கிறார், அதுவும் இதற்கு. சிரித்தது போதும், கழற்றுங்கள் என்றேன். கூண்டைக் கழற்றிவிட்டு ஹார்ட் டிஸ்க்கை என் ஆபீஸில் பார்சல் ஒட்டுகிற டேப்பால் பெட்டியின் அடித்தட்டோடு ஒட்டினார். கார்டு உட்கார்ந்தது.

விளையாட்டைத் திறந்தார். லாரி ஷெட்டைத் தாண்டியதும் கம்ப்யூட்டர் பொட்டென்று அணைந்தது. மறுபடி போட்டார், மறுபடி அணைந்தது. எனக்கு உயிரே போனது. இவர் பதறவில்லை. கிடங்கில் எல்லாக் குளிர்மெஷினும் ஒரே நேரத்தில் கிளம்பினால் ஜெனரேட்டரும் இப்படித்தான் படுத்துவிடுமாம். கார்டு எவ்வளவு பவர் இழுக்கலாம் என்று கட்டுப்படுத்துகிற ஒரு புரோகிராமைத் திறந்து, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். லாரி ஊரைத் தாண்டியது, மலை ஏறியது, அணையவில்லை. அப்புறம் அதே புரோகிராமில், அப்பன் வீட்டுச் சொத்து மாதிரி, ஃபேனை முழு வேகத்துக்குத் தள்ளினார்.

புதுக் கார்டு, அதே மாவு மில். சமையலறையிலிருந்து ஓடிவந்து, காது இருக்கா இல்லையா உங்களுக்கு என்று கத்தினேன். என்ன, எந்தச் சத்தம் என்றார். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கி வெளியே எறிந்திருப்பேன், பெண்ணின் முகம் குறுக்கே வந்ததால் விட்டேன்.

அப்போது திரையில் புதிய விளையாட்டு, உங்கள் மைக்கைச் சோதித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டது. இவர் அதைத் தாண்டிப் போகப் பார்த்தார். ஏன் தாண்டுகிறீர்கள் என்றேன். மைக் எதற்கு, நான் என்ன பேசவா போகிறேன் என்றார். அந்த வார்த்தையில் எனக்குச் சுர்ரென்று ஏறியது. மடங்கிக் கிடந்த மைக்கை இழுத்து அவர் வாய்க்கு நேரே விட்டு, மவுஸைப் பிடுங்கி சோதனைப் பட்டனை நானே அழுத்தினேன்.

பேசுங்கள் என்று எழுத்து வந்தது. அதற்குக் கீழே ஒரு கட்டம். பேசினால் அதில் பச்சைக் கோடு ஏற வேண்டும். இவர் இன்னும் வாயையே திறக்கவில்லை, கோடு கடைசி வரைக்கும் ஏறி நுனியில் சிவப்பாக நின்றது.

"நான் பேசவே இல்லையே" என்றார்.

வாயைக் கையால் பொத்திக்கொண்டார். கோடு இறங்கவில்லை. மைக் கெட்டுப்போச்சு போல என்றார். கெடவில்லை, உங்கள் ஃபேன்தான் பேசுகிறது என்றேன். சிரித்தார். இந்த மனுஷனிடம் வாயால் சொல்லி என்றைக்கு எது விளங்கியது? பக்கத்தில் திறந்திருந்த அந்தப் புரோகிராமில் ஃபேனின் வேகத்தைப் பிடித்துக் கீழே இழுத்தேன். இரைச்சல் அடங்க அடங்கப் பச்சைக் கோடும் இறங்கி, அடியில் படுத்துவிட்டது.

இவர் சிரிப்பை நிறுத்தினார். மவுஸை என்னிடமிருந்து வாங்கி ஃபேனை மேலே ஏற்றினார். கோடு ஏறியது. இறக்கினார். இறங்கியது. காதால் கேட்காததைக் கண்ணால் பார்த்துக்கொண்டு திரும்பத் திரும்ப அதையே செய்துகொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"பழைய கார்டுலயும் இந்தச் சத்தம் இருந்துச்சா?"

"இதைவிட ஜாஸ்தி. அது வந்த நாள்லேருந்து கத்திக்கிட்டுத்தானே இருக்கேன்?"

அவர் முகத்தில் ரத்தம் இல்லாததைப் பார்த்து, நெஞ்சு வலிக்கிறதா என்று பயந்து தோளைத் தொட்டேன்.

"அன்னிக்கு அவ அழுதுக்கிட்டே சொன்னா. நான் பதில் சொல்லிக்கிட்டிருந்தேன். பாதியிலயே, சத்தம் தாங்கலப்பா, கொஞ்சம் மைக்கை மூடுங்கன்னுட்டா. நான் ரூம் பூரா சுத்திப் பாத்தேன். என் குரலைத் தவிர ஒரு சத்தமும் இல்ல. நான் பேசறதுதான் அவளுக்குத் தாங்கலன்னு நினைச்சு, மைக்கை மூடிட்டு ஹெட்போனையும் கழட்டிட்டேன்."

"என்ன பேசிக்கிட்டிருந்தீங்க?"

"வேற என்ன? வீட்டுக்கு வந்துடுன்னு."

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத வார்த்தை கிடையாது. அவருடைய காதைத் திட்டினேன், டாக்டரிடம் வராத திமிரைத் திட்டினேன், ஃபேனைத் திட்டினேன். சொல்லியாச்சு, சொல்லியாச்சு என்று மூன்று வருடம் சொன்னீர்களே, என்ன சொன்னீர்கள் என்று என்னிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் நாக்கு அறுந்தா விழுந்திருக்கும்? நீங்கள் திரும்பிப் போகச் சொன்னீர்கள் என்று நினைத்துக்கொண்டு நான் உங்களோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தினேனே! அதுதான் அவருக்குச் சுட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்படியா நினைச்சே என்று கேட்டார். ஆமாம் என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். பெண்ணையும் விடவில்லை. அவள் எதிரில் இல்லாவிட்டால் என்ன, இருக்கிற மாதிரி வைத்துத் திட்டினேன். என்னவோ இரைச்சல் வருதுப்பா, பேசறது கேக்கல என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது. தன் கேள்விக்குப் பதில் வரவில்லை என்றால் இன்னொரு தடவை கேட்டால் குறைந்தா போய்விடுவாள்?

இப்போதே போன் போடுகிறேன் என்று போனை எடுத்தேன். இவர் என் கையைப் பிடித்தார்.

"வேண்டாம். நான்தான் சொல்லணும். போன்ல எனக்குக் கேக்காது. அவ ஒண்ணு சொல்லி நான் ஒண்ணு புரிஞ்சுக்கிட்டா என்ன ஆகும்? ஞாயித்துக்கிழமை சொல்றேன்."

அந்தப் பேச்சில் நியாயம் இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் போனை வைத்தேன்.

பிறகுதான் கார்டைச் சரியாகப் பழக்குகிற வேலை ஆரம்பித்தது. ஃபேன் வேகத்தை இறக்கினால் இரைச்சல் போகிறது, ஆனால் கார்டு கொதிக்கிறது. திரையின் மூலையில் சூட்டின் எண் ஏறுவதைப் பார்த்ததும் இவர் கை தானாக ஃபேனைக் கூட்டப் போகும். நான் தட்டிவிடுவேன். கார்டுக்குப் போகிற வோல்டேஜைக் கொஞ்சம் குறைத்தால், அதே வேகத்தில் ஓடும், சூடு மட்டும் குறையும் என்று கண்டுபிடித்தார். ரொம்பக் குறைத்தால் லாரி நடுச்சாலையில் அப்படியே உறைந்துவிடும். அப்போது ஒரு படி மேலே ஏற்றிவிட்டு மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். அவர் எண்ணைப் பார்த்தார், நான் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து காதைக் கொடுத்தேன். இன்னும் இருக்கு. குறைஞ்சிருக்கு. மலை ஏறும்போது வருது. இப்ப இல்ல. ஒவ்வொரு தடவையும் அவர் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டுக்கொண்டார். நான் சொன்னதை அவர் இவ்வளவு மரியாதையாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. நடுநடுவே திட்டிக்கொண்டும் இருந்தேன். கடைசியில் லாரி மலை உச்சியில் நிற்கும்போதும் பச்சைக் கோடு அடியிலேயே கிடந்தது. இவர் கனைத்தால் மட்டும் துள்ளியது.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் முகச்சவரம், வழக்கம்போல் சட்டை. பட்டனை மாற்றிப் போட்டு, கழற்றி மறுபடி போட்டார். நான் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். ஹெட்போனில் சத்தத்தை முழுசாக வைத்திருப்பதால் பக்கத்தில் நிற்கிறவருக்கும் கேட்கும்.

அவள் லாரி ஷெட் வாசலில் காத்திருந்தது. இரண்டு தடவை விளக்கு அடித்தாள். இவரும் அடித்தார். கிளம்பினார்கள். மைக் திறந்துதான் இருந்தது, வாய் திறக்கவில்லை. ஊர் தாண்டியது, ஆறு தாண்டியது, சுங்கச்சாவடி தாண்டியது. இந்த மனுஷன் மறுபடியும் விளக்கிலேயே பேசி முடித்துவிடுவார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதுகில் ஒரு குத்துவிடக் கையை ஓங்கினேன். அதற்குள் ஹெட்போனில் அவள் குரல் வந்தது. எத்தனையோ நாளுக்கப்புறம் அவளும் மைக்கைத் திறந்திருந்தாள்.

"அப்பா, உங்க மைக் ஆன்ல இருக்கு. பாத்துக்கோங்க."

தெரியாமல் திறந்துவிட்டார் என்று நினைத்திருக்கிறாள்.

"தெரியும்மா" என்றார் இவர்.

முன்னால் போன லாரியில் பிரேக் விளக்கு எரிந்தது. சாலையோரம் ஒதுங்கி நின்றது. இவரும் இண்டிகேட்டர் போட்டு ஒதுங்கி, அதன் பின்னால் நிறுத்தினார். ஆளில்லாத சாலையில் இரண்டு லாரியும் நின்றன.

"சத்தமே இல்லையே. இருக்கீங்களாப்பா?"

"இருக்கேன்." இவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். பச்சைக் கோடு துள்ளி அடங்கியது. "வீட்டுக்கு வந்துடும்மா."

முன்னால் நின்ற லாரியின் எஞ்சினை அவள் அணைத்தாள்.

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா என்னப்பா? நான் அதைத்தானே கேட்டேன். வீட்டுக்கு வரட்டுமான்னு கேட்டேன். நீங்க மூடின மைக்கைத் திரும்பத் திறக்கவே இல்ல."

இவர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கும் இதைத்தாம்மா சொன்னேன்."

ஒற்றை அறையில் காய்ச்சலோடு அவள் படுத்திருந்ததெல்லாம் எனக்கு ஒரேயடியாக ஞாபகம் வந்தது. புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டேன். சத்தம் வெளியே வரக் கூடாது என்று எவ்வளவோ பார்த்தேன், முடியவில்லை. கார்டுதான் அவ்வளவு அமைதியாகிவிட்டதே, அந்த மைக்கில் எல்லாம் விழுந்தது.

"யாருப்பா அழறது?"

"உங்கம்மா" என்றார் இவர். "திட்டிக்கிட்டிருக்கா."

நான் திட்டிக்கொண்டுதான் இருந்தேன்.